விபத்து வழக்கில் காவல் நிலையம் எழுத வேண்டியவை

சாலை விபத்தில் அடிபட்டவரின் குடும்பம் தனக்குரிய இழப்பீட்டை இழப்பது பெரும்பாலும் நீதிமன்றத்தில் அன்று. விபத்து நடந்த முதல் சில நாட்களில், மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் காவல் நிலைய எழுத்தரின் மேசையிலும்தான் அந்த இழப்பு தொடங்கிவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இழப்பீடு பற்றிய பிரிவுகள் 2022 ஏப்ரல் 1 முதலும், மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1 முதலும் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றின்படி, விபத்து பற்றிய ஆவணங்களைத் திரட்டித் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் வேலை காவல்துறையின் கடமையாகியிருக்கிறது. ஆனால் பல நிலையங்களில் வேலை இன்னும் பழைய வழக்கப்படியே நடக்கிறது; பாதிக்கப்பட்டவர்களும் கேட்க வேண்டியது இன்னதென்று தெரியாமல் கையில் ஒரு ரசீதோடு திரும்பிவிடுகிறார்கள்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதா, கவனக்குறைவான செயலால் உயிரிழப்பு ஏற்படுத்தும் குற்றத்தை 106(1) பிரிவில் வைத்து, பழைய 304-ஏ பிரிவில் இரண்டு ஆண்டுகளாக இருந்த அதிகபட்சச் சிறைத் தண்டனையை ஐந்து ஆண்டுகளாக உயர்த்தியிருக்கிறது. தாறுமாறாக வாகனம் ஓட்டுவது 281, அதனால் காயமும் கொடுங்காயமும் ஏற்படுத்துவது 125 என எண்கள் மாறியுள்ளன. விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பி ஓடுபவருக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்னும் 106(2) பிரிவு, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டது. எனினும் ஓட்டுநர் தப்பி ஓடலாம் என்று இதற்குப் பொருளில்லை. காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவில் எப்போதும் போலக் கட்டாயமாகவே உள்ளன.

வழக்கின் முதல் ஆவணம் காவல் நிலையத்தில் எழுதப்படுவதில்லை. அரசு மருத்துவமனையில் பணி மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது பேச்சு வழக்கில் 'ஏ.ஆர். காப்பி' எனப்படுவதே முதல் ஆவணம். அழைத்து வந்தவர் பதற்றத்தில் 'வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்' என்று சொல்ல, அது 'தானே விழுந்தார்' என்று பதிவாகிவிட்டால், பின்னாளில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஒற்றை வரியைத்தான். ஆகவே எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்த வகை வாகனம் எந்தத் திசையிலிருந்து வந்து மோதியது என்று தெளிவாகச் சொல்லி, எழுதப்பட்டதைப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். வாகன எண் தெரியாவிட்டால் 'அடையாளம் தெரியாத வாகனம் மோதியது' என்றாவது பதிவாக வேண்டும். மோதல் என்ற சொல்லே இல்லாத பதிவேட்டைப் பின்னர் திருத்துவது மிகக் கடினம்.

அடுத்தது முதல் தகவல் அறிக்கை. தமிழ்நாட்டு நிலையங்களில் புகாரைப் பெற்றுக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பும் பழக்கம் நீண்ட நாளாக இருக்கிறது. அந்த ரசீது, மனு பெறப்பட்டது என்பதற்கான ஒப்புகை மட்டுமே. அதனால் வழக்குப் பதிவாகாது, புலனாய்வும் தொடங்காது. சி.எஸ்.ஆர். ரசீது முதல் தகவல் அறிக்கை ஆகாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும், ஏனெனில் அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இன்னும் குறையவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையமும் தகவலைப் பதிவு செய்தாக வேண்டும். உளுந்தூர்ப்பேட்டை அருகே அடிபட்டவர் சென்னையில் சிகிச்சை பெற்றால் சென்னை நிலையமே பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்றலாம். மின்னணு வழியிலும் தகவல் தரலாம், ஆனால் மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையொப்பமிட வேண்டும் என்ற நிபந்தனையை மறக்கக் கூடாது. அறிக்கையின் நகலைத் தகவல் தந்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ உடனடியாகவும் இலவசமாகவும் தர வேண்டும். 'நாளை வாருங்கள்' என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி பெற்று, முகாந்திரம் உண்டா என்று பதினான்கு நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று 173(3) பிரிவு புதிதாகச் சொல்கிறது. ஐந்தாண்டுத் தண்டனைக்குரிய 106(1) அந்த வரம்புக்குள் வருவதால், விபத்து மரணத்திலும் 'முதற்கட்ட விசாரணை நடக்கிறது' என்ற பதில் கிடைக்கலாம். அப்போது கேட்க வேண்டியவை இரண்டு: எந்த அதிகாரி, எந்தத் தேதியில் அனுமதி அளித்தார்; பதினான்காம் நாள் எது. இதைக் காலவரையற்ற தள்ளிப்போடலாக மாற்ற எந்த நிலையத்துக்கும் அதிகாரமில்லை. மரண விசாரணைக்குரிய 194ஆம் பிரிவில் மட்டும் பதிவு செய்துவிட்டு 281, 106(1) ஆகியவற்றை விட்டுவிடுவதும் நடக்கக்கூடியதே என்பதால், நகல் கைக்கு வந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது சட்டப் பிரிவுகளுக்கான கட்டத்தைத்தான்.

நிலைய அதிகாரி பதிவு செய்ய மறுத்தால், அதே நிலைய வாசலில் நாள்தோறும் காத்துக் கிடப்பது பரிகாரமாகாது. 173(4) பிரிவின்படி தகவலின் சாரத்தை எழுத்து மூலம் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு, ஆணையரகம் உள்ள நகரங்களில் அதற்கு நிகரான துணை ஆணையருக்கு, அனுப்ப வேண்டும். மனுவில் விபத்தின் தேதி, நேரம், சாலையின் பெயர், அருகிலுள்ள கிலோமீட்டர் கல் அல்லது கடை, வாகன எண், பார்த்தவர்களின் பெயர், மருத்துவமனையின் பெயர், விபத்துப் பதிவேட்டு எண், நிலையத்துக்குச் சென்ற தேதி, அங்கு கிடைத்த பதில் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். தபால் ரசீதையும் சேர்ப்பித்ததற்கான ஒப்புகையையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதன் பின்னும் நடவடிக்கை இல்லையெனில் நீதித்துறை நடுவரிடம் 175(3) பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பத்துடன் பிரமாணப் பத்திரம், அதாவது சத்தியப்பிரமாணம் செய்து கையொப்பமிட்ட வாக்குமூலம், கட்டாயம் இணைக்கப்பட வேண்டும். கண்காணிப்பாளருக்கு அனுப்பியதற்கான சான்று இல்லாமல் நேரே நடுவரிடம் போவது, திரும்பி வரும் மனுவுக்குச் செலவு செய்வதாகவே முடியும்.

நிலையத்திலேயே 'பேசி முடிப்பது' இதைவிடப் பெரிய தவறு. வாகன உரிமையாளர் கையில் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய்க்கு ஈடாக 'புகார் எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து எலும்பு சேரவில்லை என்று தெரியும்போது, காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்பதற்கு முதல் தகவல் அறிக்கையே இருக்காது. உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றம் சமரசத்துக்கு உட்பட்டதே அன்று. காய வழக்குகளிலும் நீதிமன்றத்தின் அனுமதியோடுதான் சமரசம் செல்லும். அதை முடித்து வைக்க நிலைய அதிகாரிக்கு அதிகாரம் கிடையாது. சமாதானமாகப் போக விரும்பும் குடும்பத்துக்கு, இழப்பீட்டு வழக்கைத் தாக்கல் செய்துவிட்டு மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கும் நேர்மையான வழி திறந்தே இருக்கிறது.

வழக்குப் பதிவான பின் காவல்துறை செய்ய வேண்டியதைத்தான் மக்கள் அறவே அறியவில்லை. பல புலனாய்வு அதிகாரிகளும் அறிந்ததுபோல் நடந்துகொள்வதில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, தகவல் கிடைத்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை படிவம் ஒன்றில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் செல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கும் அதன் நகல் உண்டு. இது முதல் தகவல் அறிக்கையிலிருந்து வேறான ஆவணம். பத்து நாட்களுக்குள், பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவம் இரண்டைப் புலனாய்வு அதிகாரியே அவரிடம் கொடுக்க வேண்டும். ஓட்டுநரும் உரிமையாளரும் முப்பது நாட்களுக்குள் தங்கள் விவரப் படிவங்களைத் தர வேண்டும். ஐம்பதாம் நாளுக்குள் இடைக்கால அறிக்கை போக வேண்டும். அறுபது நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவர் தமது படிவம் ஆறை நிரப்பிக் கொடுக்க வேண்டும். தொண்ணூறாம் நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கை, இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் இயந்திர ஆய்வு அறிக்கை முதலியவற்றுடன் தீர்ப்பாயத்தைச் சேர வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(4) பிரிவு, காவல்துறை அனுப்பும் இந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் கருத வேண்டும் என்கிறது. கோஹர் முகமது வழக்கில் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இந்த விதிகளைத் தவறாது பின்பற்றும்படி காவல்துறைக்குக் கட்டளையிட்டது. அவ்வளவு எடை கொண்ட ஓர் அறிக்கை நிலையத்திலேயே தூங்கிவிடுவது, அலுவலகத் தாமதம் என்று சொல்லிக் கடந்துபோகத்தக்கதன்று. படிவம் ஆறில் மருத்துவச் செலவு ரசீதுகள், வருமானச் சான்று, வயதுச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை நகலில் வாங்குவது குடும்பத்தின் பொறுப்பு. அறுபதாம் நாள் வரை யாரும் படிவம் கேட்கவில்லையே என்று சும்மா இருப்பதும் கவலையற்ற போக்கே.

காவல்துறை அனுப்பிவிடும் என்று முழுவதும் நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பீட்டு மனு தாக்கல் செய்யப்பட வேண்டும் என்ற வரம்பு 166(3) பிரிவில் மீண்டும் வந்துவிட்டது. அந்தப் பிரிவை எதிர்த்த வழக்கு நிலுவையில் இருப்பதால், காலங்கடந்தது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு பிறப்பித்திருக்கிறது. ஆனால் இடைக்கால உத்தரவு நிரந்தரப் பாதுகாப்பு ஆகாது. ஆறு மாதம் என்பதையே எல்லையாகக் கொள்ள வேண்டும். மனுவை விபத்து நடந்த இடத்துக்குரிய தீர்ப்பாயத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்பதில்லை, மனுதாரர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் செய்யலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பாராது இலவச வழக்கறிஞர் கிடைப்பார் என்பதால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ 15100 என்ற தொலைபேசி எண்ணையோ அணுகலாம். மருத்துவமனை வாசலிலேயே வெற்றுத்தாளில் கையொப்பம் கேட்கும் தரகர்களிடம் ஒரு காகிதமும் தரக் கூடாது; வெற்றுத்தாளில் எதற்காகவும் கையொப்பமிடக் கூடாது.

மோதிய வாகனம் எதுவென்றே தெரியாத வழக்குகளில் குடும்பங்கள் முயற்சியையே கைவிட்டுவிடுகின்றன. 2022ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி அத்தகைய விபத்தில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 2,00,000 ரூபாயும் கொடுங்காயமடைந்தவருக்கு 50,000 ரூபாயும் உரியவை. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவின்படி, வழக்குப் பதிவாகி ஒரு மாதத்துக்குள் வாகனம் கண்டறியப்படாவிட்டால், இத்திட்டம் பற்றியும் யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பற்றியும் நிலையப் பொறுப்பு அதிகாரி பாதிக்கப்பட்டவருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். அந்தக் கடிதம் வராவிட்டால் நிலையத்தில் எழுதிக் கேட்க வேண்டும், அதற்காக விண்ணப்பத்தைத் தள்ளிப்போடக் கூடாது. விண்ணப்பம் செல்ல வேண்டியது தீர்ப்பாயத்துக்கு அன்று. வட்ட அல்லது கோட்ட அளவில் வருவாய்த்துறையில் கோரிக்கை விசாரணை அலுவலராக இருப்பவருக்கு. உரிய படிவத்துடன் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, அடையாளச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்களும், பிற்பாடு வாகனம் கண்டறியப்பட்டு முழு இழப்பீடு கிடைத்தால் இத்தொகையைத் திருப்பித் தருவதாக உறுதிமொழியும் சேர்க்கப்பட வேண்டும். விசாரணை அலுவலர் தமது அறிக்கையை ஒரு மாதத்துக்குள் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். ஆட்சியர் பதினைந்து நாட்களுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தைக் கொடுத்த அன்றே அலுவலக முத்திரையும் தேதியும் இட்ட நகலை வாங்கிக்கொண்டால்தான் அந்த ஒரு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற கேள்விக்குப் பதில் இருக்கும்.