டாக்டர் எங்கேயோ... வைத்தியம் இங்கேயே! தெரியுமா உங்களுக்கு?

86 லட்சம் கிலோமீட்டர்! நிலாவுக்குப் பதினொரு தடவை போய்த் திரும்பினாலும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் தூரம் அது. அத்தனை தூரத்தையும் நோயாளிகள் போகாமலே வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள் என்றால் நம்புவீர்களா?

கணக்குப் போட்டுப் பார்த்தது அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் டேவிஸ் பல்கலைக்கழக மருத்துவமனை. 1996 முதல் 2013 வரை அங்கிருந்த நிபுணர்களிடம் வீடியோவில் ஆலோசனை கேட்டவர்கள் 11,281 பேர். மொத்த ஆலோசனைகள் 19,246. ஒவ்வொன்றிலும் சராசரியாக மிச்சமான பயணம் 447 கிலோமீட்டர். கிட்டத்தட்ட சென்னையிலிருந்து மதுரை! மிச்சமான நேரம்? 4 மணி 5 நிமிடம்! பணம்? 156 டாலர்! எல்லோருடைய பயண நேரத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 9 வருஷம்!

எனக்கு என்னவோ கிலோமீட்டரைவிட அந்த நாலு மணி நேரம்தான் பெரிதாகப் படுகிறது. இடுப்பு வலிக்காரரை பஸ்ஸில் நாலு மணி நேரம் குலுக்கி எடுத்து, இடுப்பு வலிக்கு மருந்து வாங்கிவரும் கூத்து நம் ஊரிலும் தினம் நடப்பதுதானே!

இருமலைக் கேட்டே நோயைச் சொன்ன டாக்டர்!

வீடியோ கால் நேற்று வந்ததுதான். ஆனால் போனில் வைத்தியம் எப்போது தொடங்கியது தெரியுமா? 1879! கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கி மூன்றே வருஷம்!

'லான்செட்' மருத்துவ இதழில் அப்போது வந்த செய்தி இது. நள்ளிரவு. குழந்தைக்கு இருமல். மூச்சுக்குழல் வீங்கி அடைத்துக்கொள்ளும் நோயோ என்று வீட்டில் பாட்டிக்கு பயம். குடும்ப டாக்டரை போனில் கூப்பிட்டார்கள். 'குழந்தையைத் தூக்கி போன் பக்கத்தில் பிடியுங்கள், இருமட்டும்' என்றார் அவர். குழந்தை இருமியது. 'இது அந்த நோய் இல்லை' என்றார். பாட்டியையும் போய்ப் படுக்கச் சொல்லிவிட்டார். அன்று இரவு வீடே நிம்மதியாகத் தூங்கியது. வண்டி கட்டவில்லை, வாசல் கதவு திறக்கவில்லை!

270 கிலோ மெஷின்!

இன்று பையில் போட்டுக்கொண்டு போகிற ஈ.சி.ஜி. கருவி, பிறந்த புதிதில் எவ்வளவு எடை இருந்தது தெரியுமா? ஏறக்குறைய 270 கிலோ! இயக்க ஐந்து பேர் வேண்டும்! நோயாளி கை கால்களை உப்புத் தண்ணீர் வாளிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்!

அதைக் கண்டுபிடித்த நெதர்லாந்துக்காரர் வில்லெம் ஐந்தோவனுக்கு ஒரு சிக்கல். மெஷின் ஆய்வுக்கூடத்தில், நோயாளிகள் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஆஸ்பத்திரியில். மெஷினைத் தூக்க முடியாது, நோயாளியை அலைக்கழிக்கவும் மனமில்லை. என்ன செய்தார் தெரியுமா? 1905-ல் தொலைபேசிக் கம்பி வழியாக இதயத் துடிப்பின் மின்சாரத்தை மட்டும் வரவழைத்துவிட்டார்! 1924-ல் நோபல் பரிசும் வந்து சேர்ந்தது.

அந்தக் கம்பி வேலையின் பேரன் பேத்திகள் தமிழ்நாட்டில் என்ன செய்தார்கள் என்பது தெரியுமா? மாரடைப்பு வந்தவரைப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலோ ஆம்புலன்ஸிலோ வைத்தே ஈ.சி.ஜி. எடுத்து, அதைப் பெரிய ஆஸ்பத்திரி இதய நிபுணருக்கு அனுப்பும் ஏற்பாடு. 4 பெரிய மருத்துவமனைகள், அவற்றோடு இணைந்த 35 சிறு மருத்துவமனைகள், 2,420 நோயாளிகள். ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் முன்பு 100-க்கு 17.6 பேர். ஏற்பாடு வந்தபின் 14.2! இந்த ஆய்வு 2017-ல் வெளியானது. 100-க்கு மூன்று பேர் சொச்சம்தானே என்று தோன்றுகிறதா? அந்த மூன்று பேர் வீட்டில் போய்க் கேளுங்கள்!

தேனியில் ஒரு வைஃபை அதிசயம்!

கண் டாக்டரைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஆபரேஷன் தேவையே இல்லை என்பது தெரியுமா? கண்ணாடி போதும், சொட்டு மருந்து போதும். ஆனால் அதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமே! அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு நாள் கூலி போச்சு, கூட வருகிறவர் கூலியும் போச்சு!

இதற்கு வழி கண்டது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கியபோது அதில் இருந்தவை வெறும் 11 படுக்கைகள்! அதே நிறுவனம் 2004-லிருந்து சின்ன ஊர்களில் 'பார்வை மையங்கள்' திறக்க ஆரம்பித்தது. பஜாரில் ஒரு சின்ன இடம். பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதித்துப் படம் எடுப்பார். எங்கோ இருக்கும் டாக்டர் திரையில் வந்து நோயாளியோடு பேசுவார். கண்ணாடி வேண்டுமா? அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். இதற்குப் பல வருஷங்களாக வாங்கிய கட்டணம் எவ்வளவு தெரியுமா? 20 ரூபாய்! அதுவும் மூன்று மாதம் செல்லும்! ஒரு காபியும் வடையும் அதைவிட அதிகம் ஆகும்.

சரி, அந்தக் காலத்தில் தேனிப் பக்கத்துச் சிற்றூர்களில் வீடியோ போகும் அளவுக்கு இன்டர்நெட் ஏது? இதுதான் வேடிக்கை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து எரிக் புரூவர் தலைமையிலான ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். உங்கள் வீட்டு வைஃபை மாடி ஏறினாலே மூச்சு வாங்குமே, அதே வைஃபை! திசை பார்த்து நிறுத்திய ஆன்டெனாக்களையும் திருத்தி எழுதிய மென்பொருளையும் வைத்து, அதைக் கிலோமீட்டர் கணக்கில் பாய வைத்துவிட்டார்கள்! தேனி மருத்துவமனையோடு முதலில் இணைந்தவை ஐந்து மையங்கள். இன்று அரவிந்தின் பார்வை மையங்கள் நூறைத் தாண்டிவிட்டன!

மாத்திரைக்குப் பெயர் இல்லை, நம்பர்தான்!

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி. பக்கத்து வீடு என்றாலே நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அங்கே நோய் வந்தால்? 1928-ல் ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் 'பறக்கும் டாக்டர்' சேவையைத் தொடங்கினார். விமானம் ரெடி, டாக்டர் ரெடி. கூப்பிடுவது எப்படி? மின்சாரம்தான் கிடையாதே!

அதற்கும் ஒரு மனிதர் கிடைத்தார். ஆல்பிரட் டிரெய்கர். சைக்கிள் போல பெடலை மிதித்தால் மின்சாரம் வரும், அதில் ரேடியோ பேசும்! 1929-ல் வந்த கருவி இது. காலால் மிதித்துக்கொண்டே டாக்டரிடம் நோயைச் சொன்னார்கள் என்பதைக் கற்பனை செய்து பாருங்கள்!

இன்னும் இருக்கிறது. 1940-களில் பண்ணை வீடுகளுக்கு மருந்துப் பெட்டி கொடுத்தார்கள். உள்ளே ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு நம்பர். 'இந்த நம்பர் மாத்திரையில் ஒன்று, காலையும் இரவும்' என்று டாக்டர் ரேடியோவில் சொன்னால் போதும், வாயில் நுழையாத பெயர் எதுவும் வேண்டாம்! பிறகு மனித உடம்பின் படத்தில் பாகம் பாகமாக நம்பர் போட்டும் கொடுத்துவிட்டார்கள். எங்கே வலி என்பதற்கும் நம்பர்! அங்கே இன்றும் ஒரு கதை சொல்லிச் சிரிப்பார்கள். ஒன்பதாம் நம்பர் மாத்திரை சாப்பிடச் சொன்னாராம் டாக்டர். அது தீர்ந்துபோயிருந்ததாம். நோயாளி என்ன செய்தார்? நாலாம் நம்பரில் ஒன்று, ஐந்தாம் நம்பரில் ஒன்று!

நடுக்கடலில் காய்ச்சல் வந்தால்?

ரோமில் 1935 முதல் ஒரு மருத்துவ நிலையம் ரேடியோவில் கப்பல்களுக்கு வைத்தியம் சொல்லி வருகிறது. எந்த நாட்டுக் கொடி பறந்தாலும் சரி, கட்டணம் கிடையாது! தொடங்கியவர் குய்தோ குய்தா என்ற டாக்டர். முதல் தலைவர் யார் தெரியுமா? வானொலிக்குப் பெயர்போன மார்க்கோனியேதான்!

எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு ஆபரேஷன்!

2008. காங்கோ நாட்டின் ருட்ஷுரு. சண்டை நடக்கும் பகுதி. 16 வயதுப் பையன், கை அழுகி உயிருக்கே ஆபத்து. தோள்பட்டையோடு சேர்த்து எடுத்தாக வேண்டும். அங்கிருந்த அறுவை நிபுணர் டேவிட் நாட் அப்படி ஒரு ஆபரேஷனைச் செய்ததே இல்லை! லண்டனில் அது தெரிந்த நண்பர் மெய்ரியன் தாமஸுக்கு செய்தி அனுப்பினார். பதில் வந்தது, பத்துப் படிகளாக, எஸ்.எம்.எஸ்.ஸில்! கையிருப்பில் இருந்த ரத்தம் ஒரே ஒரு பை. பையன் பிழைத்தான்!

இன்னொரு ஆபரேஷன், இதற்கு நேர் எதிர். நோயாளி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில், டாக்டர் நியூயார்க்கில், நடுவே அட்லாண்டிக் கடல்! 2001 செப்டம்பர் 7. ஜாக் மாரெஸ்கோ நியூயார்க்கில் கைப்பிடியை அசைக்க, ஸ்ட்ராஸ்பூர்கில் ரோபோவின் கை அசைந்தது. 68 வயதுப் பெண்மணியின் பித்தப்பை 54 நிமிடத்தில் வெளியே! சமிக்ஞை போய்வந்த தூரம் 14,000 கிலோமீட்டர். தாமதம்? ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை! 48 மணி நேரத்தில் அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

20 வருஷமும் ஒரு நாளும்!

2000 மார்ச் 24. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டா என்ற கிராமம். அங்கிருந்த அப்போலோ மருத்துவமனையைச் செயற்கைக்கோள் வழியாக நகரத்து நிபுணர்களோடு இணைத்த ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? அமெரிக்க அதிபர் பில் கிளின்டன்!

அதன்பின் தொலை மருத்துவத்துக்கு இந்திய அரசு முறையான விதிகள் வெளியிட்ட நாள்? 2020 மார்ச் 25. சரியாக 20 வருஷம் ஒரு நாள்! நாடே ஊரடங்கில் முடங்கிய முதல் நாளும் அதுதான். அந்த விதிகளில் சில சுவாரசியங்கள். நோயாளியே முன்வந்து அழைத்தால் அதுவே சம்மதம், தனியாகக் கையெழுத்து வேண்டாம்! போன், வீடியோ, வாட்ஸ்அப், மின்னஞ்சல் எல்லாம் செல்லும்! ஆனால் போதைத்தன்மை உள்ள மருந்துகளை இந்த வழியில் எழுதித் தரவே கூடாது. செயற்கை நுண்ணறிவு தானாக மருந்து எழுதித் தரலாமா? கூடவே கூடாது! மனித டாக்டர்தான் எழுத வேண்டும். கம்ப்யூட்டருக்கு இன்னும் ஸ்டெதஸ்கோப் கிடைக்கவில்லை!

அதே வருஷம் ஏப்ரல் 13-ல் வந்தது, வீட்டிலிருந்தே டாக்டரோடு பேச அரசின் இலவச 'இ-சஞ்சீவனி' ஓ.பி. டோக்கன் உண்டு, ஆனால் மர பெஞ்சு கிடையாது! மொகாலியில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. இ-சஞ்சீவனியின் எல்லா வழிகளையும் சேர்த்து, 2023 பிப்ரவரியில் ஆலோசனைகள் எத்தனையைத் தொட்டன தெரியுமா? 10 கோடி! அப்போது முதலிடம் ஆந்திரா, இரண்டாமிடம் தமிழ்நாடு, ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல்!

இதில் எண்ணிக்கையைவிட என்னை அசத்தியது வேறு. பயன்பெற்றவர்களில் 100-க்கு 57 பேருக்கு மேல் பெண்கள்! ஏன் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஆணுக்கு உடம்பு சரியில்லை என்றால் டவுனுக்குக் கிளம்பிவிடுவார். பெண்ணுக்கு என்றால்? சமையல் முடிய வேண்டும், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வர வேண்டும், துணைக்கு ஆள் கிடைக்க வேண்டும். அதற்குள் 'சரி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்' ஆகிவிடும். போனுக்கு அந்த வம்பே இல்லை!

டாக்டரைப் பார்த்தாலே ஏறும் பி.பி.!

ஆஸ்பத்திரியில் 140/90 என்றால் உயர் ரத்த அழுத்தம் என்கிறார்கள். வீட்டில் அளந்தால் எல்லைக்கோடு எவ்வளவு தெரியுமா? 135/85! மருத்துவமே இரண்டு கணக்கு வைத்திருக்கிறது! வெள்ளைக் கோட்டைக் கண்டாலே சிலருக்கு அழுத்தம் எகிறும் என்பதுதான் காரணம். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அளந்து போனில் சொன்னால், நிஜமான எண் டாக்டருக்குக் கிடைக்கிறது. கூடவே இன்னொரு லாபம். 'என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்டால், மாத்திரை டப்பாவையே கேமரா முன்னால் கொட்டிக் காட்டிவிடலாம்!

மனசுக்கு? 14416! 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கிய 'டெலி மானஸ்' போன் சேவை. 24 மணி நேரமும், தமிழ் உட்பட 20 மொழிகளில், இலவசமாக! மனநல டாக்டர் வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தெரு முனையிலேயே திரும்பிவிடும் ஆள், இங்கே முகம் காட்டாமலே பேசலாம்.

ஒரு விஷயம் மட்டும். நெஞ்சு வலி, திடீரென்று வாய் கோணல், கை கால் மரப்பு என்றால் வீடியோ கால் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். பக்கவாதம் தாக்கினால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன! 108-ஐக் கூப்பிடுங்கள், முதலில்!

எல்லாவற்றையும்விட எட்டாத இடத்து நோயாளி!

தென் துருவம், 1999. இருட்டும் குளிரும், விமானம் இறங்க வழியே இல்லாத மாதங்கள். அங்கிருந்த ஒரே டாக்டர் ஜெரி நீல்சன். அவருக்கே மார்பில் கட்டி! தன் கட்டியிலிருந்து தானே சதை எடுத்தார், உடனிருந்தவர்கள் உதவினார்கள். படங்கள் செயற்கைக்கோள் வழியே அமெரிக்கா போயின. புற்றுநோய்! ஜூலையில் மருந்தை விமானத்திலிருந்து பனியில் வீசினார்கள். மின்னஞ்சலில் வந்த ஆலோசனைப்படி தானே வைத்தியம் செய்துகொண்டார். அக்டோபரில்தான் விமானம் வந்து அவரை அழைத்துப் போக முடிந்தது!

அதைவிட எட்டாத இடம்? மேலே பாருங்கள். 400 கிலோமீட்டர் உயரம், மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒருவருக்குக் கழுத்து ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி! வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பூமியிலிருந்து வழிகாட்ட, தன் கழுத்தைத் தானே ஸ்கேன் செய்துகொண்டார். கையிருப்பில் இருந்த ஊசி மருந்து கொஞ்சம்தான், அதை அளந்து அளந்து போட்டுக்கொண்டார். மாத்திரைகள் சரக்கு விண்கலத்தில் பின்னால் வந்து சேர்ந்தன! பூமிக்குத் திரும்பிப் பத்தாம் நாள் பார்த்தால், கட்டி இருந்த இடமே தெரியவில்லை!

யோசனை சொன்னவர் வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் ரத்தக்கட்டி நிபுணர் ஸ்டீபன் மோல். நோயாளி ஒரு நாள் நேராக அவர் வீட்டுக்கே போன் போட்டுவிட்டார். எடுத்தது மோலின் மனைவி. ரிசீவரைக் கணவரிடம் நீட்டி என்ன சொன்னார் தெரியுமா? உங்களுக்கு விண்வெளியிலிருந்து போன்!