ஓர் ஆன்டெனா, மூன்று வயர்லெஸ் செட்

ஹாம் ரேடியோ வைத்திருப்பவரின் மேசையில் ஒன்றுக்கு மேற்பட்ட வயர்லெஸ் செட் சேர்ந்துவிடுவது இயல்பு. பேசுவதற்கு ஒன்று, கணினியோடு இணைத்து எழுத்துச் செய்தி அனுப்ப ஒன்று, மற்றவை பழுதானால் உதவும் என்று ஒதுக்கி வைத்தது ஒன்று. மூன்றும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஒரே பட்டையில் வேலை செய்பவை. மொட்டை மாடியில் கம்பம் நட நல்ல இடமோ ஒன்றுதான். இந்தப் பட்டையின் அலைகள் பெரும்பாலும் தொடுவானத்தைச் சற்றே தாண்டிய தூரம்வரைதான் எட்டும். ஆகவே உயரம்தான் இங்கே சொத்து. 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஆன்டெனாவுக்கு ரேடியோத் தொடுவானம் சுமார் 13 கிலோமீட்டர். 20 மீட்டரில் சுமார் 18. கம்பத்தின் உச்சியை ஓர் ஆன்டெனா பிடித்துக்கொண்டால் அடுத்தது கீழேதான் நிற்க வேண்டும். கேபிள் கணக்கும் இருக்கிறது. மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 30 மீட்டர் ஓடினால் 145 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆற்றல் வழியிலேயே வெப்பமாகிவிடும். விரல் தடிமனுள்ள நல்ல கேபிளில் மூன்றில் ஒரு பங்குகூடப் போகாது. மூன்று மெல்லிய கேபிள்களை இழுப்பதைவிட ஒரு தடித்த கேபிளை உச்சிவரை இழுத்து, கீழே ஒரு சுவிட்ச் வைத்து மூன்று செட்டுக்கும் பகிர்ந்துகொள்வதே சரி என்று வாதிட இதுவே போதுமான காரணம். ஆனால் சுவிட்சைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் பார்க்க வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். திறந்த வழி எவ்வளவு நன்றாக இணைகிறது என்று பார்க்கிறார்கள். மூடிய வழி எவ்வளவு உறுதியாக மூடியிருக்கிறது என்பதுதான் செட்டுகளின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

சுவிட்ச் எதற்கு, ஒரு டி-கனெக்டர் போட்டு எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே ஆன்டெனாவை இரண்டு டிவிக்குப் பிரித்துப் பழகியவர்களிடம் இந்தக் கேள்வி எழுவதில் வியப்பில்லை. டிவி சிக்னலை வாங்கிக்கொள்ள மட்டுமே செய்யும். வயர்லெஸ் செட் அனுப்பவும் செய்யும். 50 வாட் செட்டின் மைக் பொத்தானை அழுத்தினால் 50 ஓம் கேபிளில் எழும் மின்னழுத்தம் 50 வோல்ட். அதே பட்டையில் ஒரு நல்ல ரிசீவருக்குக் குரலைப் புரிந்துகொள்ளப் போதுமான சிக்னலோ 0.2 மைக்ரோவோல்ட். இரண்டுக்கும் இடையே 25 கோடி மடங்கு வித்தியாசம். டி-கனெக்டரில் சேர்த்தால், ஒரு செட் அனுப்பும் ஆற்றலில் கணிசமான பங்கு நேராகப் பக்கத்துச் செட்டின் வாசலுக்குப் போகும். அங்கே முதலில் நிற்கும் சிறிய டிரான்சிஸ்டர் எரிந்துபோக ஒரே ஒரு முறை பொத்தானை அழுத்தினாலே போதும்.

சுவிட்ச் இந்த வழியை மூடுகிறது. ஆனால் எந்த சுவிட்சும் முழுமையாக மூடுவதில்லை. மலிவான பெட்டியைத் திறந்து பார்த்தால் சில சென்டிமீட்டர் வயர்களும் ஒரு சாதாரணச் சுழல் சுவிட்சும் இருக்கும். தொடர்பு விலகியிருக்கும் இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. அந்த இடைவெளியே ஒரு குட்டி கெபாசிட்டர். அதன் அளவு 1 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 7 மெகாஹெர்ட்ஸில் அந்த 1 பிக்கோஃபாரட் ஏறத்தாழ 22,700 ஓம் தடையாக நிற்கும். 50 வோல்ட்டில் 0.1 வோல்ட்தான் அடுத்த செட்டை எட்டும். 145 மெகாஹெர்ட்ஸில் அதே இடைவெளியின் தடை 1,100 ஓமாகச் சுருங்கிவிடும். அடுத்த செட்டுக்குப் போவது 2 வோல்ட்டுக்கும் மேல், ஆற்றலில் சொன்னால் 0.1 வாட். ஒரு பொருளும் மாறவில்லை, கைப்பிடியும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அலைவரிசை ஏறியதும் மூடிய கதவு திறந்துகொண்டது. குறைந்த அலைவரிசைக்கு ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக உழைத்த பெட்டி, மேல் பட்டைக்கு மாற்றியதும் ஒரு செட்டைக் காவுவாங்குவது இதனால்தான். தரமான கோஆக்சியல் சுவிட்சில் ஒவ்வொரு வழிக்கும் வார்ப்பு உலோகத்தில் தனி அறை இருக்கும். சிலவற்றில் தேர்ந்தெடுக்காத முனைகள் எர்த்தோடு சேர்ந்துவிடும். அப்படிப்பட்டவை 60 டெசிபல் பிரிப்பைத் தரக்கூடியவை. 60 டெசிபல் என்றால் மின்னழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு: 50 வாட்டில் கசிவது 50 மைக்ரோவாட். அதுவும் மின்னழுத்தத்தில் அந்த மெல்லிய சிக்னலைவிட 2.5 லட்சம் மடங்கு பெரியதுதான். ஆகவே செட் பிழைத்துக்கொள்ளும், ஆனால் அந்த நேரத்தில் அதற்குக் காது கேட்காது. குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் நின்றுகொண்டு எதிர்வீட்டுப் பேச்சைப் பிடிக்க முயல்வது போலத்தான்.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஆளுக்கொரு ஆன்டெனா வைத்துவிட்டால் தீர்ந்ததே என்பது வலுவான எதிர்வாதம். கணக்குப் போட்டுப் பார்க்கும்போது அது நினைத்த அளவு வலுவாக இல்லை. 145 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலைநீளம் சுமார் 2 மீட்டர். இரண்டு டைபோல் ஆன்டெனாக்களைப் பக்கம் பக்கமாக அந்தத் தூரத்தில் நட்டால், இரண்டுக்கும் இடையிலான பிரிப்பு ஏறத்தாழ 18 டெசிபல்தான். 50 வாட் அனுப்பினால் பக்கத்து ஆன்டெனா அரை வாட்டுக்கு மேல் வாங்கித் தன் செட்டுக்கு அனுப்பிவைக்கும். ஒன்றின் தலைக்கு மேல் மற்றொன்றை அதே இடைவெளியில் நிறுத்தினால் நிலைமை தேறும். அப்போதும் 28 டெசிபல் அளவில்தான் நிற்கும், அதாவது 0.1 வாட்டை ஒட்டி. மேசைமேல் இருக்கும் நல்ல சுவிட்ச் இந்த இரண்டையும்விட ஆயிரம் மடங்குக்கு மேல் நன்றாகச் செட்டுகளைப் பிரிக்கிறது. ஒரே கம்பத்தில் இரண்டு ஆன்டெனாக்கள் என்பது பாதுகாப்பான தனிக்குடித்தனம் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. இரண்டாவது ஆன்டெனா பயன்தர வேண்டுமானால் அதற்கு வேறு கம்பமும் கணிசமான தூரமும் வேண்டும். நகரத்து மாடியில் அதற்கு இடம் கிடைப்பது அரிது.

ஒரு செட் பேசும்போது மற்றவை செவிடாகின்றனவே என்ற குறை மட்டும் உண்மையானது. ஆனால் ஒரு மேசையில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர்தான். ஒரே நேரத்தில் இரண்டு மைக்கில் அவர் பேசப் போவதில்லை. நேரத்தைப் பங்கிட்டு ஆன்டெனாவைப் பங்கிடுவது பழைய, நன்றாகச் சோதிக்கப்பட்ட வழி. 1936-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் பேஜ் குழுவினர் ராடாரின் டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் ஒரே ஆன்டெனாவைக் கொடுத்தது இந்த வழியில்தான். ஜிஎஸ்எம் கைபேசியில் இது இன்னும் வேகமாக நடக்கிறது: 4.615 மில்லிவினாடிக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு 8 துண்டுகள், ஒரு துண்டில் பேச்சை அனுப்பி இன்னொரு துண்டில் வாங்கும். உள்ளிருக்கும் செமிகண்டக்டர் சுவிட்ச் வினாடிக்கு 200 முறைக்கு மேல் ஆன்டெனாவை இடம் மாற்றுகிறது. பேசுகிறவருக்கு அது தெரிவதே இல்லை. படகுகளில் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். 25 வாட் கடல் விஎச்எஃப் பேச்சு செட்டும், படகின் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியும் பாய்மர உச்சியில் உள்ள ஒரே ஆன்டெனாவை ஸ்ப்ளிட்டர் வழியாகப் பகிர்ந்துகொள்கின்றன. இவ்வகை ஸ்ப்ளிட்டர், எந்தக் கருவி அனுப்பத் தொடங்குகிறது என்று உணர்ந்து தானே வழியை மாற்றும் சுவிட்ச்தான். சிறு படகுக்கான ஏஐஎஸ் 2 வாட்டில், ஓடும்போது 30 வினாடிக்கு ஒரு முறை, 27 மில்லிவினாடிக்கும் குறைவான நேரம் அனுப்புகிறது. அந்தக் கணத்தில் பேச்சு செட்டுக்கு ஏற்படும் செவிட்டுத்தனத்தை மனிதக் காது கண்டுகொள்ளாது. எதிர்த்திசையில் 20 வினாடி பேசினால் ஓர் இருப்பிட அறிவிப்பு தவறலாம். அடுத்தது விரைவில் வந்துவிடும்.

சுவிட்சுக்குப் பதில் ஃபில்டர் வைக்கலாமே என்றால், வைக்கலாம். பட்டைகள் விலகியிருந்தால் அதுதான் மேல். 145, 435 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளை ஒரே இருபட்டை ஆன்டெனாவில் இணைக்கச் சிறிய டைப்ளெக்ஸர் ஒன்று போதும். இரண்டும் ஒரே சமயத்தில் வேலை செய்யும். ஒரே பட்டைக்குள் இது எடுபடாது. சிக்னலை வாங்கி மறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் நிலையங்களில் வெறும் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒரே ஆன்டெனாவில் அனுப்பவும் வாங்கவும் செய்கிறார்கள். அதற்கு அரை மீட்டருக்கு மேல் உயரமுள்ள உலோகக் குழாய்கள் பல வரிசையாக நிற்க வேண்டும், குறிப்பிட்ட இரண்டு அலைவரிசைகளுக்கு அவற்றை நுணுக்கமாகச் சுதி சேர்க்கவும் வேண்டும். விரும்பிய சேனலுக்குத் தாவும் வீட்டு மேசைக்கு அது ஒத்துவராது.

கைத்தவறுதான் சுவிட்சின் மெய்யான பலவீனம் என்பேன். தேர்ந்தெடுக்காத செட்டின் மைக்கை அழுத்தினால் அதன் ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லை. திரும்பி வந்து அதன் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களையே தாக்கும். புதிய செட்டுகள் இதை உணர்ந்து ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும், பழையவற்றில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியைத் திருப்பினால் தொடர்பு முனைகளில் பொறி பறந்து உலோகம் கருகும். அப்படிக் கருகிய முனை பிறகு நல்ல நேரத்திலும் சரியாகப் பொருந்தாது. தேர்ந்தெடுத்த செட்டுக்கு மட்டும் மைக் பொத்தானின் வயர் உயிர்பெறுமாறு ரிலே ஒன்றைச் சேர்த்தால் முதல் ஆபத்து அடியோடு நீங்கும். எர்த் வசதியுள்ள சுவிட்ச் இடிமின்னலிலிருந்து காக்கும் என்ற நம்பிக்கையையும் கைவிட வேண்டும்: மேகத்திலிருந்து காற்றைப் பிளந்துகொண்டு வந்த மின்னலை ஒரு மில்லிமீட்டர் இடைவெளி நிறுத்தாது. இடிமழை வருகிறதென்றால் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விடுவதுதான் வழி.

உயிர் காக்கும் பணிக்கு இந்த ஏற்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேரிடர் கட்டுப்பாட்டு அறையில் ஒரு சேனலில் ஒருவர் பேசும்போதே இன்னொரு சேனலில் இன்னொருவர் காது கொடுத்திருக்க வேண்டும்; அங்கே தனித்தனிக் கம்பங்களுக்குச் செலவழித்தே ஆக வேண்டும். படகிலும் பாய்மரம் முறிந்தால் இரண்டு கருவிகளும் ஒன்றாக ஊமையாகும். ஆகவே சிறிய அவசர ஆன்டெனா ஒன்று கையோடு இருக்க வேண்டும், ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் நின்றாலும் பேச்சு செட்டின் வழி திறந்தே இருக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும். வீட்டு மேசைக்கு வாங்குபவர் பெட்டியின் மேல் அச்சடித்த வாட் எண்ணோடு நின்றுவிடாமல், தாம் பேசும் அலைவரிசையில் பிரிப்பு எத்தனை டெசிபல் என்று விவரத் தாளில் தேட வேண்டும். தாள் இல்லையென்றால் ஹாம்கள் பலரிடமும் இருக்கும், கசிவை அளக்க உதவும் நானோ விஎன்ஏ கருவியை இரண்டு செட்டுகளுக்கான முனைகளில் பொருத்தி, ஆன்டெனா முனையில் 50 ஓம் டம்மி லோடை மாட்டிப் பார்த்துவிடலாம். 145 மெகாஹெர்ட்ஸில் 30 டெசிபல்கூடத் தேறவில்லை என்றால் அந்தப் பெட்டியை 7 மெகாஹெர்ட்ஸ் வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம். அங்கே அது நன்றாகவே உழைக்கும்.