ஒரு சுண்டு அரிசி உலை

எமது கிராமங்களில் சமையல் என்பது நெடுங்காலமாகப் பத்துப் பேருக்குச் செய்யும் வேலையாகவே இருந்து வந்துள்ளது. பேரப்பிள்ளைகள், சூடு மிதிக்க வந்தவர்கள், வழியோடு வந்த உறவினர் என்று எல்லோரையும் கணக்கில் வைத்தே உலை ஏற்றினார்கள். 1990 யூனில் வலிகாமம் வடக்கை விட்டுப் புறப்பட்டவர்களும், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தவர்களும், 2009 மே வரை வன்னிக்குள் இடம்விட்டு இடம் மாறியவர்களும் பெரிய பானைகளை வழியிலே விட்டுச் சென்றார்கள். இன்று அந்தக் குடும்பங்கள் பலவற்றில் பெரிய பானைக்குத் தேவையும் இல்லை. தாயும் ஒரு பிள்ளையும், பாட்டியும் பேரனும், அல்லது வயோதிபத் தம்பதியர் மட்டும். மகன் வெளிநாட்டில், மகள் கொழும்பில், இன்னொருவர் எங்கே என்று தெரியாது.

வீடு வீடாகப் போகையில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்றுண்டு. "எனக்கு மட்டும் எதுக்குச் சமைக்கிறது, சுவாமி? ஒரு தேத்தண்ணியும் ரெண்டு பிஸ்கற்றும் காணும்." இதனைச் சோம்பல் என்று நாம் சொல்லமாட்டோம். சாப்பிட ஆளில்லாத வீட்டில் அடுப்பு மூட்ட மனம் வருவதில்லை. ஆனால் பிஸ்கற்றும் பாணும் சீனித் தேத்தண்ணீருமாக மாதக் கணக்கில் காலந்தள்ளினால் உடல் அதற்கு விலை கொடுக்கிறது. இரத்தச்சோகை, கால் வீக்கம், தலைச்சுற்று என்று வைத்தியசாலை வரிசையில் நிற்பவர்களுள் இப்படித் தனியே இருப்பவர்கள் குறைவல்ல. நீரிழிவுக் குளிசை போடுகிறவர் சாப்பாட்டைத் தவறவிட்டால் சீனி திடீரென இறங்கி மயங்கி விழவும் நேரும். ஆகவே ஒருவருக்கோ இருவருக்கோ குறைந்த விறகில், குறைந்த செலவில், ஒரு மணித்தியாலத்துக்குள் எப்படிச் சமைக்கலாம் என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறோம். இங்குள்ளவற்றுட் பெரும்பாலானவை எமது தாய்மாரிடமிருந்தே நாம் கற்றவை.

சோறு

அளவு முதலில். பால்ரின் பேணியாகிய சுண்டு எல்லா வீட்டிலும் இருக்கும். நாலு சுண்டு ஒரு கொத்து. தலைதட்டிய ஒரு சுண்டு அரிசி ஏறக்குறைய கால் கிலோ. இருவருக்கு மதியச் சோற்றுக்கும் மறுநாட் காலைப் பழஞ்சோற்றுக்கும் இது போதும். தோட்ட வேலைக்குப் போகிறவர் இருந்தால் இன்னும் அரைச் சுண்டு கூட்டலாம். இயன்றவரை சிவப்புப் புழுங்கல் அரிசியாக இருக்கட்டும். தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியில் தவிட்டோடு போய்விடும் பி வகை விற்றமின்களிற் கணிசமான பங்கு, நெல்லை அவிக்கும்போது அரிசிக்குள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது. அதே காரணத்தால் அரிசியை ஐந்து தண்ணீரில் அரித்துக் கழுவ வேண்டியதில்லை. கல் நீக்கி இரண்டு முறை கழுவினால் போதும். வடிக்கும் கஞ்சியையும் ஊற்றிவிடாமல், உப்பும் சிறிது தேங்காய்ப்பாலும் விட்டுச் சூட்டோடு குடிக்கலாம்.

அரிசியை அரை மணித்தியாலம் ஊறவைத்து உலையிலிட்டால் விறகு மிச்சம். 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்கு நாட் கணக்காக வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் சொட்டு எண்ணெயை எண்ணி எரித்த எமது மக்களுக்கு இது புதிய பாடமுமல்ல. விறகடுப்பு உள்ளவர்கள் மூன்று கல்லை விட்டு, 'அனகி' எனப்படும் இரட்டை வாய் மண்ணடுப்பை ஒருமுறை முயன்று பார்க்கலாம். ஒரே தீ முன்வாயில் சோற்றையும் பின்வாயில் கறியையும் சூடாக்கும். களிமண்ணும் சாணமும் குழைத்து அதைச் சுற்றி மெழுகிவிட்டால் சூடு வெளியே போகாது.

இன்னொரு வழி வைக்கோற் பெட்டி. பெரிய கடகம் ஒன்றிலோ பலகைப் பெட்டியிலோ அடியிலும் சுற்றிலும் நாலு விரற்கடை தடிப்பில் வைக்கோலை நெருக்கி அடைத்து, நடுவே பானை அளவுக்குக் குழி விடுங்கள். ஊறிய அரிசியை வடிக்கத் தேவையில்லாத அளவு நீரில் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியபடியே அக்குழியில் இறக்கி, மேலே வைக்கோல் நிரப்பிய சாக்கால் அமுக்கி மூடிவிட வேண்டும். ஒரு மணித்தியாலத்திற் சோறு தானே வெந்திருக்கும். பானை முக்காற் பங்காவது நிறைந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். பெரிய பானையின் அடியிற் கிடக்கும் ஒரு பிடி அரிசி வேகுமுன் ஆறிவிடும். ஆகவே சிறு குடும்பத்துக்குச் சிறு பானையே வேண்டும். பழைய பெரிய பானைகளைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி நாம் களைத்துவிட்டோம்.

மிஞ்சிய சோறு ஆறியதும் மூழ்க நீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வையுங்கள். விடிய, வெண்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப் போட்டு, தயிரோ முதற்பாலோ விட்டு, தேசிக்காய்ப் புளி பிழிந்து பிசைந்தால் வெயிலில் நிற்கும் உடலுக்கு அதைப்போல ஒன்றில்லை. இலேசான புளித்த மணம் இயல்பானது. சோறு வழுவழுத்து நூல் விட்டாலோ கெட்ட நாற்றம் வந்தாலோ கோழிக்குக்கூடப் போடாமற் கொட்டிவிட வேண்டும்.

பாதித் தேங்காய்ச் சொதி

கறி வைப்பதற்குத்தான் தனியாட்கள் பின்வாங்குகிறார்கள். ஒரு கறியும் ஒரு சொதியும் போதும் என்று எண்ணினால் பாரம் இறங்கிவிடும். இருவருக்குப் பாதித் தேங்காய் தாராளம். கண் உள்ள பாதி முதலிற் பழுதாகும் என்பதால் முதல் நாள் அதைத் துருவி, மற்றப் பாதியின் உட்புறத்தில் உப்புத் தடவி நிழலிற் கவிழ்த்து வைத்தால் மறுநாளைக்கு உதவும். துருவிய பூவில் ஒரு பிடியை வறைக்கு எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பிழியுங்கள். கெட்டியான முதற்பால் வேறு, அதன்பின் வரும் கப்பிப்பால் வேறு.

சட்டியிற் கப்பிப்பாலை விட்டு, நாலு சின்ன வெண்காயம், இரண்டு பச்சைமிளகாய், அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஒரு சிட்டிகை மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் ஒன்றாகப் போட்டு அடுப்பில் வையுங்கள். வெண்காயம் அவிந்து வெந்தய மணம் வந்தவுடன் முதற்பாலை விட்டு, பொங்கவிடாமற் கலக்கி, ஓரத்தில் நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும். தேசிக்காயை இறக்கிய பின்னரே பிழிய வேண்டும். அடுப்பிலிருக்கும்போது பிழிந்தாற் பால் திரையும், கைப்பும் வரும். ஒரு தக்காளியோ, நாலு நெத்தலிக் கருவாடோ, அவித்த முட்டை ஒன்றோ போட்டால் அதுவே கறியுமாகிவிடும். நெத்தலியை முள்ளோடு தின்பதால் கல்சியமும் கிடைக்கிறது.

தேங்காய்ப்பால் சேர்ந்த எதையும் எமது வெக்கையில் இரவுக்கு மேல் வைக்காதீர்கள். மறுநாளைக்கும் வேண்டுமானால் பாலில்லாத புளிக்கறியாக வையுங்கள். கத்தரிக்காயோ மீனோ புளிவிட்டு வற்றக் காய்ச்சியது, காலையிலும் மாலையிலும் ஒருமுறை கொதிக்கவைத்தால் அடுத்த நாளும் நிற்கும். சுவை கூடும் என்றும் சொல்வார்கள், அதில் எமக்கு மறுப்பில்லை.

இலை ஒரு பிடி

இடம்பெயர்ந்த காலங்களில் எமக்குக் கிடைத்த உலர் உணவில் அரிசி இருந்தது, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் இருந்தன. பச்சையாக ஒரு இலைகூட அப்பட்டியலில் இல்லை. அந்தப் பழக்கம் இன்னும் பல வீடுகளில் விட்டுப் போகவில்லை. முருங்கை, அகத்தி, பொன்னாங்காணி, வல்லாரை, முசுட்டை, தவசி முருங்கை எல்லாம் வேலியிலும் வாய்க்கால் ஓரத்திலும் நிற்க, கடையில் சோயா மீற் பைக்கற்று வாங்குகிறோம்.

முருங்கையிலை வறைக்கு ஐந்து நிமிடம் போதும். தாச்சியிற் சிறிது எண்ணெய் விட்டு வெண்காயத்தையும் செத்தல் மிளகாயையும் வதக்கி, உருவிக் கழுவிய இலையைப் போட்டுப் புரட்டி, இலை சுருண்டதும் எடுத்து வைத்த தேங்காய்ப்பூவையும் உப்பையும் தூவி இறக்க வேண்டும். கறுக்க வறுத்தாற் சத்தும் போகும், சுவையும் போகும். தனியே வறை செய்ய நேரமில்லாவிட்டால் வெந்த பருப்புச் சட்டியிலேயே ஒரு பிடி இலையைப் போட்டு மூடிவிடலாம். பருப்பிற் புளியைக் கடைசியாகச் சேருங்கள். முன்னரே விட்டாற் பருப்பு வேக நேரமெடுக்கும், விறகும் வீண்.

இலையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. தேசிக்காய், நெல்லிக்காய் போன்றவற்றின் விற்றமின் சி அதற்கு உதவுகிறது. தேயிலைச் சாயம் அதைத் தடுக்கிறது. எனவே சாப்பிட்ட கையோடு வெறுந்தேத்தண்ணீர் குடிக்கும் வழக்கத்தை ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். இதற்குக் காசு செலவில்லை, ஆனால் நாம் சொல்பவற்றுள் எம்மவர் கேட்க மறுப்பதும் இதுவொன்றைத்தான்!

முருங்கைத் தடியொன்றைக் கிணற்றடியில் நட்டால் வளரும். நிலம் இன்னும் திரும்பக் கிடைக்காமல் வாடகை வளவில் இருப்பவர்கள் பழைய உரச் சாக்கில் மண் நிரப்பிப் பொன்னாங்காணித் தண்டை ஊன்றி, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வந்தாலே வாரத்தில் இரண்டு நாளைக்கு இலை கிள்ளலாம்.

மாவும் கிழங்கும்

இரவுக்குப் புட்டு. கோதுமை மாவைத் துணியிற் கட்டி முக்கால் மணித்தியாலம் அவித்து, சூட்டோடு கட்டி உடைத்து அரித்து, ஆறவைத்து உலர்ந்த பேணியில் மூடி வைத்தால் இரண்டு கிழமைக்குப் பாவிக்கலாம். இதுதான் தனியாளுக்குப் பெரிய உதவி. வேண்டியபோது ஒரு கோப்பை மாவில் உப்புத் தண்ணீர் தெளித்து, பேணி விளிம்பாற் கொத்தி, தேங்காய்ப்பூக் கலந்து நீத்துப்பெட்டியிற் பத்து நிமிடம் அவித்தால் முடிந்தது. பாதிக்குக் குரக்கன் மா சேர்ப்பது மிக நல்லது. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. அரிசியில் அதிற் பத்திலொரு பங்கும் இல்லை.

மரவள்ளி மலிவானது, வயிறு நிறைக்கும். ஆனால் கவனம் வேண்டும். கிழங்கிலேயே நஞ்சு உண்டு. தோலைத் தடிப்பாக உரித்து, துண்டாக்கி, நிறைய நீரில், மூடியைத் திறந்தபடி அவித்து, அந்த நீரை ஊற்றிவிட வேண்டும். கிண்டி நாட்பட்டு நீலம் பாய்ந்த கிழங்கும், கைக்கும் கிழங்கும் ஆகாது. மரவள்ளியோடு இஞ்சி சேரக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் கடைப்பிடிப்பதில் தவறில்லை, ஆனால் இஞ்சியை விலக்கிவிட்டோம் என்ற தைரியத்தில் மூடி போட்டு அவிப்பதுதான் ஆபத்து.

கூழ் மட்டும் இரண்டு பேருக்குக் காய்ச்சும் பண்டமல்ல. மீன்தலை, நண்டு, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, ஒரு பிடி அரிசி, முருங்கையிலை என்று எல்லாம் சேர வேண்டும். ஒடியல் மாவை முன்னதாக ஊறவைத்து மேலே தெளியும் நீரை ஊற்றிக் கைப்பை எடுக்க வேண்டும். ஒருவர் கிண்ட ஒருவர் மாக் கரைத்து விட வேண்டும். நாம் போய்வரும் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில் நாலு வீட்டுப் பெண்கள், மூவர் தனியாட்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை இதைச் சேர்ந்து காய்ச்சத் தொடங்கினார்கள். சில மாதங்களில் அது மற்ற நாட்களுக்கும் பரவியது. இப்போது கிழமையில் மூன்று நாள் ஒரு வீட்டில் சோறும் இன்னொரு வீட்டிற் கறியும் வைத்து நாலாகப் பங்கிடுகிறார்கள். உப்பிலும் உறைப்பிலும் சச்சரவு வராமலில்லை. இரத்த அழுத்தம் உள்ள அக்கா ஒருவருக்காக உப்பைக் குறைத்துச் சமைத்து, வேண்டியவர் தமது கோப்பையிற் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். விறகுக்கு முறை வைத்திருக்கிறார்கள். தேங்காய்க் கணக்கைப் பழைய பாடசாலைக் கொப்பியில் பேத்தி ஒருத்தி எழுதுகிறாள். கூழ் மட்டும் இன்றும் ஞாயிற்றுக்கிழமைதான், பிளாவில்தான் குடிக்கிறார்கள்.