துப்பாக்கிக் குழலில் ஒலிக்கும் சுரங்கள்: மைஹர் பேண்டும் அலாவுதீன் கான் நிறுவிய இசைக் கல்லூரியும்

சைனிக்புரி (ஹைதராபாத்): முன்னாள் ராணுவத்தினரின் குடியிருப்பாக உருவான சைனிக்புரி போன்ற பகுதிகளில் 'பேண்டு' என்றதும் நினைவுக்கு வருவது அணிவகுப்பு இசையே. மத்தியப் பிரதேசத்தின் மைஹர் நகரிலோ அச்சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே துப்பாக்கிக் குழல்களும் இசைக்கருவிகளே.

மைஹர் சமஸ்தான மன்னர் பிரிஜ்நாத் சிங்கின் அரசவைக் கலைஞராக 1918-ஆம் ஆண்டு பொறுப்பேற்றவர் உஸ்தாத் அலாவுதீன் கான். கொள்ளைநோயால் பெற்றோரை இழந்த சிறார்களைத் திரட்டி அவர் அமைத்த குழுவே மைஹர் பேண்டு. இளமையில் கொல்கத்தாவில் லோபோ என்ற பேண்டு மாஸ்டரிடம் மேற்கத்திய வயலின் பயின்றவர் என்பதால், சிதார், சரோத் ஆகியவற்றுடன் வயலின், செல்லோ போன்றவற்றையும் தயக்கமின்றிச் சேர்த்தார்.

அவர் உருவாக்கிய 'நல்தரங்' கருவியே இக்குழுவின் தனி அடையாளம். துப்பாக்கிக் குழல்களை வெவ்வேறு நீளங்களில் வெட்டி, வரிசையாக வைத்துக் குச்சியால் தட்டி வாசிக்கின்றனர். குழலின் நீளம் குறையக் குறையச் சுரம் உயரும். ஜலதரங்கத்தில் கிண்ணத்து நீரின் அளவு செய்யும் வேலையை இங்கு குழலின் நீளம் செய்கிறது.

கருவியைவிடக் கடினமான சிக்கல் ஒன்று இருந்தது. ஹிந்துஸ்தானி இசையில் ராகத்தை விரிப்பவர் தனிக் கலைஞர். அடுத்து எந்தச் சுரம் வரும் என்பது அந்தக் கணத்தில்தான் முடிவாகும். பலர் சேர்ந்து வாசிக்கும்போது அது இயலாது. எனவே, ராகத்தின் இயல்பு குலையாதவாறு முன்கூட்டியே வரையறுத்த இசைக்கோவைகளை அவர் அமைத்தார். அவரது மாணவர் ரவிசங்கரும், தமிழகத்தைச் சேர்ந்த வயலின் கலைஞர் டி.கே.ஜெயராம ஐயரும் பின்னாளில் அகில இந்திய வானொலியின் வாத்திய விருந்தாவை நடத்தியபோது எதிர்கொண்டதும் இதே கேள்வியைத்தான்.

மைஹரில் 1955-ஆம் ஆண்டு அலாவுதீன் கான் இசைக் கல்லூரியை நிறுவினார். 1958-இல் பத்மபூஷண், 1971-இல் பத்மவிபூஷண் விருதுகளைப் பெற்ற அவர், 1972-இல் மைஹரிலேயே காலமானார். அவர் பெயரால் 1979-இல் போபாலில் மாநில அரசின் அகாதெமி அமைந்தது. மைஹரில் அவர் நினைவாக ஆண்டுதோறும் இசை விழாவும் நடைபெறுகிறது.

ஆனால், கட்டடமும் விருதும் விழாவும் காக்க முடியாத ஒன்று உள்ளது. சிதாரோ சரோதோ கற்றவருக்கு நாடெங்கும் மேடைகள் உண்டு. நல்தரங் கற்றவருக்கோ மைஹர் பேண்டை விட்டால் வேறு குழு கிடைப்பது அரிது. அக்குழுவில் புதியவர்கள் தொடர்ந்து சேர்ந்தால் மட்டுமே, மூத்தவர்களிடம் உள்ள இசைக்கோவைகள் அடுத்த தலைமுறையினரின் கைக்குச் செல்லும்.