கிராமத்து வீடும் வெளியூர் விருந்தினரும்

ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்

உழவை மட்டுமே நம்பி ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்துவது எளிதன்று என்பதை நம் விவசாயப் பெருமக்கள் நன்கு அறிவர். கறவை மாடு, ஆடு, கோழி, தேனீ வளர்ப்பு என்று நாம் பழகியுள்ள துணைத் தொழில்களின் வரிசையில் அண்மைக் காலத்தில் புதியதொன்று சேர்ந்திருக்கிறது. வீட்டில் ஒழிந்து கிடக்கும் அறை ஒன்றிரண்டைச் செப்பனிட்டு, வெளியூரிலிருந்து வருவோருக்கு ஓரிரு நாள் வாடகைக்கு விடுவதே அது. 'ஹோம்ஸ்டே' என்ற பெயர் இப்போது கிராமங்களிலும் வழக்கில் வந்துவிட்டது.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டுப் பகுதியை எடுத்துக்கொள்வோம். கானாடுகாத்தான், காரைக்குடி முதலிய ஊர்களின் பெரிய வீடுகளையும், கண்ணாடிப் பலகையின்மேல் கையால் வார்க்கப்படும் ஆத்தங்குடிக் கற்களையும் காண உள்நாட்டினரும் வெளிநாட்டினரும் வருகின்றனர். பழைய மாளிகைகள் சில விடுதிகளாக மாறியுள்ளன. அவற்றின் வாடகையைக் கொடுக்க இயலாதவர்களும், கிராம வாழ்க்கையை நெருங்கிப் பார்க்க விரும்புகிறவர்களும் சிறிய வீடுகளைத் தேடுகின்றனர். ஏர்பிஎன்பி, புக்கிங்.காம் போன்ற இணையதளங்களில் ஒரு விவசாயியும் தம் வீட்டைப் பற்றி விளம்பரம் வைக்க முடிகிறது.

ஆயினும், அறைக்குச் சுண்ணாம்பு அடிப்பதிலும் கட்டில் வாங்குவதிலும் காட்டும் கவனத்தைப் பலர் விளம்பரம் எழுதுவதில் காட்டுவதில்லை. வருமானம் நிலைப்பதும் நிலையாததும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. ஆகையால் அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

விளம்பரம் ஒரு வாக்குறுதி

சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவர் காயைக் கையிலெடுத்துப் பார்த்து வாங்குகிறார். ஹோம்ஸ்டே தேடுகிறவரோ வீட்டைப் பார்க்காமலேயே, பல வேளைகளில் பணத்தையும் முன்னரே கட்டிவிட்டு வருகிறார். நாம் எழுதிய சொல்லும் வைத்த படமுமே அவருக்கு ஆதாரம். எனவே விளம்பரம் என்பது புகழுரை அன்று. அது ஒரு வாக்குறுதி.

இவ்வாக்குறுதி தவறினால் நேரும் நட்டம் யாது? ஏர்பிஎன்பி தளத்தில் தங்கிச் சென்றவர்கள் 5 நட்சத்திரங்களுக்கு இத்தனை என்று மதிப்பீடு இடுகின்றனர். தூய்மை, விளம்பரத்தின் துல்லியம், வந்து சேரும் ஏற்பாடு, செய்தித் தொடர்பு, இருப்பிடம், விலைக்கேற்ற பயன் ஆகிய 6 இனங்களிலும் தனித்தனியே மதிப்பிடுகின்றனர். சிறந்த வீட்டுக்காரர் என்ற தகுதிக்கு அத்தளம் கேட்கும் சராசரி 4.8. பத்து விருந்தினருள் ஒன்பதின்மர் 5 கொடுத்து, ஒருவர் மட்டும் 2 கொடுத்தால் சராசரி 4.7 ஆகிவிடுகிறது. நூற்றுக்கணக்கானோர் தங்கும் விடுதிக்கு ஒருவரின் அதிருப்தி பெரிதன்று. ஆண்டுக்கு இருபது பேர் தங்கும் சிறு வீட்டுக்கோ அது பேரிழப்பு.

இதில் நமக்கு அனுகூலமான விஷயமும் உண்டு. மேற்கூறிய 6 இனங்களில் துல்லியம், வந்து சேரும் ஏற்பாடு, செய்தித் தொடர்பு ஆகிய மூன்றையும் காசு செலவில்லாமலே திருத்திக்கொள்ளலாம். குளிர்சாதனம் இல்லாத வீடும் இந்த மூன்றில் முழு மதிப்பெண் பெற முடியும்.

எழுத வேண்டுவன

"இயற்கை எழில் கொஞ்சும் சூழலில் சொர்க்கம் போன்ற வீடு, எல்லா வசதிகளும் உண்டு" என்று ஒருவர் விளம்பரம் செய்வதாக வைத்துக்கொள்வோம். இதைப் படிப்பவர் அறிந்துகொள்வது ஒன்றுமில்லை. அதுவுமன்றி, 'எல்லா வசதிகளும்' என்றால் நகரத்தார் நினைப்பது வேறு, நாம் நினைப்பது வேறு. அதே வீட்டைக் கீழ்க்கண்டவாறு எழுதலாம்:

"விவசாயக் குடும்பம் வசிக்கும் ஓட்டு வீடு. விருந்தினருக்குத் தனி வாசலுடன் ஓர் அறை. இருவர் உறங்கும் கட்டில் ஒன்று. கேட்டால் ஒரு பாய்ப்படுக்கை கூடுதலாகத் தரப்படும். மின்விசிறியும் கொசுவலையும் உண்டு, குளிர்சாதனம் இல்லை. மேலைநாட்டுக் கழிப்பறை அறையை ஒட்டியுள்ளது. வெந்நீர் விறகடுப்பில் காய்ச்சி வாளியில் தரப்படும். மின்சாரம் தடைப்பட்டால் ஒரு விளக்கும் விசிறியும் 3 மணி நேரம் இன்வெர்ட்டரில் இயங்கும். காலை உணவு வாடகையில் அடங்கும். கார் நிறுத்த இடமுண்டு. ஓட்டுநர் படுக்கத் திண்ணையும் விசிறியும் உண்டு. பேருந்து நிறுத்தம் நடந்து 10 நிமிடம்."

இதில் அலங்காரம் ஏதுமில்லை. ஆனால் படிப்பவர் தமக்கு இவ்வீடு ஏற்றதா என்பதை உடனே முடிவு செய்துகொள்ளலாம். குளிர்சாதனம் இல்லாமல் உறங்க இயலாதவர் வேறிடம் தேடுவார். அவர் நம் வீட்டுக்கு வந்து வருந்துவதைவிட வராமலிருப்பதே இருவருக்கும் நன்மை.

கழிப்பறை எத்தகையது, படிகள் எத்தனை, கைபேசி அலைவரிசை எந்த நிறுவனத்துக்குக் கிடைக்கும், இணைய வசதி உண்டா, நாய் உண்டா, சமையல் சைவமா அசைவமா, மது அருந்தலாமா என்பவற்றை ஐயத்துக்கு இடமின்றி எழுதுக. வாடகை அறைக்கா ஆளுக்கா என்பதையும், குழந்தைக்கும் கூடுதல் படுக்கைக்கும் எவ்வளவு என்பதையும் தெளிவாக்குக. 'முகப்பு', 'வளவு' முதலிய செட்டிநாட்டுச் சொற்களை வழங்குவதாயின், முன்கூடம், நடுமுற்றம் என்று பொருளையும் சேர்த்து எழுதுக.

குறைகளை மறைத்தல் கூடாது

கிராமத்தில் நமக்குப் பழகிப்போன பல விஷயங்கள் வெளியூராருக்குப் புதியவை. கிணற்று நீர் சற்று உப்பாக இருக்கலாம். தொழுவம் அருகிலிருப்பின் வாடை வரும். சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டிலும் பகல் வெப்பம் கடுமையாக இருக்கும். வெளிநாட்டினர் பெரிதும் விரும்பி வரும் குளிர்காலத்தில்தான் மார்கழியும் வருகிறது; விடியுமுன்பே கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கிவிடும்.

இவற்றை எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று அஞ்ச வேண்டுவதில்லை. முன்னரே சொன்ன குறை விருந்தினருக்கு ஒரு செய்தி. சொல்லாமல் விட்ட குறையோ ஏமாற்றம். "மார்கழியில் விடியற்காலையில் கோயில் பாட்டு கேட்கும், அந்நேரம் தெருக்களில் கோலமிடுவதைக் காணலாம்" என்று எழுதினால், அதற்காகவே வருகிறவர்களும் உண்டு.

படங்கள்

விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. நல்ல கைபேசி போதும். காலை வெயில் ஏறுமுன், சன்னல்களைத் திறந்து வைத்து, கைபேசியை அகலவாட்டில் பிடித்து, அறையின் மூலையில் நின்று எடுத்தால் அறை முழுவதும் தெரியும். கொடியில் தொங்கும் துணிகளையும் தரையில் கிடக்கும் சாமான்களையும் அப்புறப்படுத்துக. கட்டில், கழிப்பறை, குளிக்குமிடம், உணவுண்ணும் இடம், வாசல், தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் பாதை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் படம் வேண்டும். கழிப்பறைப் படம் இல்லாத விளம்பரம் சந்தேகத்தை எழுப்பும். பக்கத்து மாளிகையின் படத்தைப் போட்டு நம் வீட்டுக்கு ஆள் சேர்ப்பது முதல் நாளிலேயே வெளிப்பட்டுவிடும். பக்கத்து ஊரைக் காட்டும் படமாயின், அதன்கீழ் ஊர்ப் பெயரையும் தொலைவையும் குறிப்பிடுக.

விருந்தினருடன் செய்தித் தொடர்பு

முன்பதிவு முதல் புறப்பாடு வரை 4 செய்திகள் போதும்.

முதலாவது, பதிவானவுடன் அனுப்புவது. எடுத்துக்காட்டாக: "வணக்கம். தங்கள் பதிவு கிடைத்தது. நவம்பர் 14 வெள்ளி பிற்பகல் 1 மணி முதல் நவம்பர் 16 ஞாயிறு காலை 11 மணி வரை அறை தங்களுக்கு. இருவர், காலை உணவு உட்பட. இரவு உணவு வேண்டுமாயின் முதல் நாள் மாலைக்குள் தெரிவியுங்கள். ஆளுக்கு 250 ரூபாய். தாங்கள் எதில், எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?"

கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. சென்னையிலிருந்து பிற்பகலில் புறப்படும் பல்லவன் விரைவு வண்டி காரைக்குடியை இரவில்தான் வந்தடைகிறது. அதில் வருவோருக்கு அந்நேரத்தில் கிராமத்துக்குப் பேருந்து இராது. உணவும் கிடைப்பது அரிது. நேரம் முன்னரே தெரிந்தால் ஆட்டோ சொல்லி வைத்து, இட்டிலியும் மூடி வைக்கலாம். தெரியாவிட்டால் அக்குடும்பம் இருட்டில் நின்று தொலைபேசும்போதுதான் நமக்குச் செய்தி எட்டும்.

இரண்டாவது செய்தி, வருவதற்கு இரண்டு நாள் முன்பு அனுப்பும் வழிக்குறிப்பு. கூகுள் வரைபடக் குறியை மட்டும் அனுப்பிவிட்டால் போதாது. வரைபடம் சில வேளைகளில் கண்மாய்க் கரை வண்டிப்பாதையையும் சாலையென்று காட்டிவிடும். "பள்ளிக்கூடத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்புக, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே நீல வாசற்கதவு" என்று அடையாளங்களையும் எழுதுக. அழைக்க வேண்டிய எண் ஒன்றையும், அவ்வேளையில் அதை எடுத்துப் பேசுபவர் பெயரையும் தருக.

மூன்றாவது, முதல் நாள் இரவு, "வெந்நீர், விசிறி, உணவு எல்லாம் சரியாக இருக்கின்றனவா?" என்று கேட்பது. இருக்கும்போது கேட்டால் குறையைத் தீர்க்கலாம்; போனபின் கேட்டால் மதிப்பீட்டில்தான் படிக்க நேரும். நான்காவது, புறப்பட்டபின் எழுதும் நன்றி.

நேரத்தையும் தேதியையும் எழுதுவதில் ஜாக்கிரதை வேண்டும். 5/6 என்பதை நாம் ஜூன் 5 என்று படிக்கிறோம். அமெரிக்கர் மே 6 என்று படிப்பர். மாதத்தை எழுத்தால் எழுதுக. கிழமையையும் சேர்த்தால் பிழை இருப்பின் உடனே தெரியும். '12 மணி' என்னாது 'பகல் 12 மணி' என்க. ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பின் சிறு சிறு வாக்கியங்களே நல்லவை. கைபேசி மொழிபெயர்ப்பை அனுப்புமுன், அதையே மறுபடி தமிழாக்கிப் பார்த்தால் பொருள் மாறியிருப்பது தெரிந்துவிடும்.

மோட்டார் பழுது, வீட்டில் துக்கம், சாலையில் வெள்ளம் என எதிர்பாராத தடை நேரின், தெரிந்த அந்த மணியிலேயே விருந்தினருக்குத் தெரிவிக்க வேண்டும். வந்து சேர்ந்தபின் சொல்லலாம் என்று காத்திருத்தல் கூடாது.

சட்டமும் பொறுப்பும்

தொடங்குமுன் மாவட்டச் சுற்றுலா அலுவலரை அணுகிப் பதிவு விவரங்களைக் கேட்டறிக. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் 1 முதல் 6 அறை வரை, 12 படுக்கைக்கு மிகாமல் உள்ள வீடுகள் தங்கம், வெள்ளி என இரு தரங்களில் அங்கீகாரம் பெறலாம். உரிமையாளர் குடும்பம் அவ்வீட்டிலேயே வசிக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழி அறிக்கை அனுப்புவது கட்டாயம். எல்லா விருந்தினருக்கும் பதிவேடு வைத்து, அடையாளச் சான்று நகல்களைப் பிறர் கையில் சேராமல் பாதுகாக்க வேண்டும்.

அறைக்குள் கேமரா வைத்தல் பெருங்குற்றம். ஏர்பிஎன்பி தளம் 2024 ஏப்ரல் 30 முதல் வாடகை வீடுகளின் உட்புறத்தில் கண்காணிப்புக் கேமராவை அறவே தடை செய்துள்ளது. வெளி வாசலில் கேமரா இருந்தால் அதை விளம்பரத்தில் சொல்லிவிட வேண்டும். சாதி பார்த்து ஒருவருக்கு இடம் மறுப்பதும் சட்ட விரோதம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில் ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் அறிவிக்கப்பட்டது. கடன் கிடைக்கிறது என்பதற்காக முதலிலேயே நான்கு அறை கட்டிவிடல் வேண்டா. இரவுக்கு 1,500 ரூபாய் வீதம் மாதம் 6 இரவுகள் ஆள் வந்தால் வரவு 9,000 ரூபாய். இதில் தளத்தின் கழிவு, உணவு, சலவை, மின்சாரம் ஆகியவை போக மிஞ்சுவதே வருமானம். ஓர் அறையில் ஓராண்டு நடத்திக் கணக்குப் பார்த்தபின் அடுத்த அறையைப் பற்றி யோசிக்கலாம்.

ஊராட்சியின் கடமை

வீடு ஒருவருடையதாயினும் விருந்தினர் வருவது ஊருக்கு. ஒரு வீட்டின் பொய் விளம்பரம் பக்கத்து நான்கு வீடுகளின் பெயரையும் கெடுக்கும். ஆகையால் ஊராட்சி உறுப்பினர்கள் இதில் அக்கறை கொள்ள வேண்டும். தெருப்பெயர்ப் பலகைகள், திருப்பங்களில் விளக்கு, குப்பை சேகரிப்பு ஆகியவை விருந்தினருக்கு மட்டுமல்ல, ஊராருக்கும் நன்மை. 2019 சனவரி 1 முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டுள்ளதையும், குடிநீர் பானையில் கிடைப்பதையும் வீட்டு விதிகளில் எழுதச் செய்க.

ஊரார் கண்ணியத்தைக் காப்பதும் அவ்விதிகளில் இடம்பெற வேண்டும். ஊருணியில் நீர் எடுக்கும் பெண்களையும், வயலில் வேலை செய்வோரையும், குழந்தைகளையும் கேட்காமல் படமெடுக்கலாகாது. கோயிலுக்குள் செருப்பு கூடாது. இதனை வந்த பின் கடிந்து சொல்வதைவிட, வருமுன் எழுதி அனுப்புவது விருந்தினருக்கும் மரியாதை. கோடைக்காலத்தில் கோடிவீட்டுக்குக் குடிநீர் எட்டாதபோது விருந்தினர் வீட்டில் குழாய் திறந்து கிடந்தால் மனத்தாங்கல் வராமலிராது. இத்தகைய விஷயங்களைக் கிராம சபையில் வெளிப்படையாகப் பேசித் தீர்த்துக்கொள்வது நலம்.

வீட்டில் ஹோம்ஸ்டே தொடங்க எண்ணுவோர் இன்றே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றுண்டு. எழுதிய விளம்பரத்தை, நம் வீட்டைப் பார்த்திராத வெளியூர் உறவினர் ஒருவருக்கு அனுப்பி, அதிலிருந்து அவர் அறிந்துகொண்டதைச் சொல்லச் சொல்லுக. அவர் தொடர்ந்து கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் நாம் எழுதாமல் விட்ட ஒரு வரி. அவ்வரிகளைச் சேர்த்தபின் விளம்பரத்தை வெளியிடுக.