இரு கைகளும் ஒரு மெட்டும்

பியானோவின் 88 கட்டைகளைக் கண்டு மலைப்போர் பலர். ஏழு வெள்ளைக் கட்டைகளும் ஐந்து கறுப்புக் கட்டைகளும் கொண்ட ஒரே வரிசைதான் அங்கே திரும்பத் திரும்ப வருகின்றது. புதிதாகப் பயில்வோர்க்கு மெய்யான இடர், இரு கைகளும் வெவ்வேறு தொழில் புரியவேண்டியிருப்பதே. வலக்கை செல்லும் வழியிலேயே இடக்கையும் செல்ல முனையும்.

ஹங்கேரிய இசைமேதை பேலா பார்ட்டோக் இதனை நன்கறிந்தவர். 1926 முதல் 1939 வரை அவர் இயற்றிய 'மிக்ரோகொஸ்மொஸ்' தொகுதியில் 153 உருப்படிகள் உள. முதற் பாடங்களில் இரு கைகளும் ஒரே மெட்டையே வாசிக்கின்றன. பின்னரே அவை படிப்படியாகப் பிரிந்து தத்தம் வழியிற் செல்கின்றன.

ஆதலின், தொடங்குவோர் விரைவை நாடாது, ஒவ்வொரு கையையும் தனித்தனியே பழக்கி, பின்னர் மெதுவாக இணைத்தல் வேண்டும். திருத்தமாகப் பழகியதைக் கை மறவாது. அவசரத்திற் பழகிய பிழையையும் அது எளிதில் மறவாது.