மிதக்கும் வண்டியின் அடியில் ஒரு துளை

நீரில் மிதக்க வேண்டிய ஒரு வண்டியின் அடிப்பாகத்தில், அதைத் தயாரிப்பவர்களே துளை போட்டு அனுப்புகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1967 முதல் தயாராகிவரும் 'ஆர்கோ' வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு அல்லது எட்டுச் சக்கரங்கள்; அடி உடல் ஒரே பிளாஸ்டிக் தொட்டி. சேற்றிலும் காட்டிலும் ஓடும், ஏரி குறுக்கிட்டால் அப்படியே இறங்கி மிதக்கும். சுழலும் டயர்களின் வரிப்பள்ளங்களே நீரைப் பின்னால் தள்ளி அதை மெல்ல நகர்த்திவிடும்.

அப்படியானால் துளை எதற்கு? மழைநீர், சேறு, ஏறி இறங்குவோரின் காலணியோடு வரும் தண்ணீர் எல்லாம் தொட்டியின் அடியில் தேங்கும். சக்கரங்களைச் சுழற்றும் சங்கிலிகளும் அங்கேதான் இருக்கின்றன. நீர் தேங்கினால் துருப்பிடிக்கும். கனடாவின் குளிர்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். சங்கிலி பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொள்ளும். ஆகவே தரையில் நிற்கும்போது துளை திறந்திருக்க வேண்டும், நீரில் இறங்கும்முன் மூடியிருக்க வேண்டும். அதை மூடும் சின்னப் பொருள்தான் அடைப்பான்.

மூட மறந்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். துளையின் விட்டம் 2.5 செ.மீ., அது நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் டாரிசெல்லியின் விதிப்படி, 2, 9.8, 0.3 ஆகிய மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் நீர் நுழையும் வேகம் கிடைக்கும்: விநாடிக்குச் சுமார் 2.4 மீட்டர். இதைத் துளையின் பரப்பளவால் பெருக்குங்கள். நுழையும் தாரை சற்றுச் சுருங்குவதால், வந்த விடையில் 60 விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல்! பத்து நிமிடத்தில் 400 கிலோவுக்கும் அதிகமான நீர். பெரியவர்கள் ஆறு பேர் கூடுதலாக ஏறி உட்கார்ந்தது போல.

"உள்ளே நீர் ஏற ஏற, வேகம் குறைந்துவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. குறையாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. உள்ளே நீர் ஏறும் அளவுக்கு வண்டியும் கீழே இறங்குகிறது. செங்குத்தான பக்கங்கள் கொண்ட தொட்டியில் உள்மட்டத்துக்கும் வெளிமட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் மாறாமலே இருக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கல்லை வைத்து, அடியில் ஊசித்துளை போட்டு, வாளி நீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள். விளிம்பு மூழ்கும்வரை சளைக்காமல் நீர் ஏறும்.

நீர் இறைக்கும் பம்பு காப்பாற்றாதா? மணிக்கு 1,900 லிட்டர் இறைக்கும் சிறிய பம்பு, நிமிடத்துக்கு 32 லிட்டரைத்தான் வெளியேற்றும். வரவு 40, செலவு 32. தோற்கும் கணக்கு இது.

இது வெறும் ஏட்டுக்கணக்கு அல்ல. 1999 மே 1ஆம் தேதி, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் உள்ள ஹாமில்டன் ஏரியில், இரண்டாம் உலகப் போர்க்கால 'டக்' வகை வாகனம் ஒன்று 21 பேருடன் சுற்றுலாவுக்கு இறங்கியது. ஏறத்தாழ ஏழு நிமிடத்தில் மூழ்கியது. 13 பேர் இறந்தனர். அங்கே நழுவியது அடைப்பான் அல்ல, சுழல்தண்டு வெளியேறும் இடத்தை மூடியிருந்த ரப்பர் உறை. ஆனாலும் பாடம் ஒன்றே: மூடுவது மட்டும் போதாது, மூடியது அதிர்விலும் கழலாமல் நிற்க வேண்டும்.

இனி எந்த அடைப்பானைத் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம். நம் துளையில் நீர் அடைப்பானைத் தள்ளும் விசை, 150 கிராம் எடைக்குச் சமமானதுதான். ஆகவே நீரழுத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். மரவேர், கற்பாறை, அதிர்வு ஆகியவைதான் எதிரிகள். தலை வெளியே துருத்தி நிற்கும் அடைப்பானை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

ரப்பர் அடைப்பானில் ஓர் அழகான அறிவியல் இருக்கிறது. நெம்புகோலை மடக்கினால் ரப்பர் மேலிருந்து கீழாக நசுங்கும். ரப்பரின் கனஅளவு எளிதில் குறையாது. எனவே அது பக்கவாட்டில் உப்பித் துளையை இறுக்கும். ஆனால் எந்த ரப்பர் என்று கேளுங்கள். நம் தோட்டங்களில் பால் வெட்டி எடுக்கும் இயற்கை ரப்பர் பெட்ரோலிலும் எண்ணெயிலும் ஊறி வீங்கும். இயந்திரத்துக்கு அடியில் எண்ணெய் சொட்டாமல் இருக்குமா? அங்கே நைட்ரைல் எனும் செயற்கை ரப்பரே ஏற்றது.

மரை உள்ள அடைப்பானில் பித்தளையும் உண்டு, பிளாஸ்டிக்கும் உண்டு. பித்தளை உறுதியானது. ஆனால் வெப்பத்தில் பிளாஸ்டிக் உடல் பித்தளையைவிடப் பல மடங்கு விரியும், இறுக்கம் தளரலாம். அலுமினிய உடலில் பித்தளையைப் பொருத்திக் கடல்நீரில் இறக்கினால், இரண்டும் மின்கலம் போலாகி அலுமினியம் அரிபடும். பிளாஸ்டிக் வண்டிக்கு என் தேர்வு, உடலோடு சமமாகப் பதியும் பிளாஸ்டிக் மரை அடைப்பானும் அதற்கு ஒரு ரப்பர் வளையமும்தான். மாற்றுக்கு ஒரு ரப்பர் அடைப்பானைப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

கழற்றிய அடைப்பானை எங்கே வைப்பது? வண்டிச் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். சாவியை எடுக்காமல் யாரும் வண்டியைக் கிளப்ப முடியாதே! திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையத்தை விரலால் ஒருமுறை துடையுங்கள். ஒட்டியிருக்கும் ஒரே மணல்துகள்கூட நீருக்கு வழி விட்டுவிடும்.